கேட்டதும் கேளாததும்: ஒலிவழிக் கணக்கெடுப்பில் பிழை எங்கே நுழைகிறது

விலங்குகளின் குரலைப் பதிவு செய்து கணக்கெடுப்பதற்காகக் காட்டில் வைத்த ஒரு ரெக்கார்டர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நிமிடம் பதிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 144 நிமிடம் சேரும். பறவைக் குரலை அடையாளம் காணும் மென்பொருளான பேர்ட்நெட் செய்வதுபோல அதை 3 விநாடித் துண்டுகளாக வெட்டினால் நாளுக்கு 2,880 துண்டு. 30 நாளில் 86,400. மென்பொருள் அபாரமாக வேலை செய்கிறது, பத்தாயிரம் துண்டுக்கு ஒன்றில்தான் இல்லாத பறவையை இருப்பதாகச் சொல்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அந்தப் பறவை எட்டிக்கூடப் பார்க்காத ஓர் இடத்தில் அது எத்தனை முறை "கேட்டிருக்கும்"? எட்டு அல்லது ஒன்பது முறை. இப்படி நூறு இடங்களில் ரெக்கார்டர் வைத்து, "ஒருமுறை கேட்டாலும் அங்கே பறவை இருக்கிறது" என்ற விதியில் அட்டவணை போட்டால், பறவையே இல்லாத நூறு இடங்களிலும் பறவை இருப்பதாக வரும்.

ஒலிவழிக் கணக்கெடுப்பு பற்றிப் பேசும்போது பெரும்பாலோர் கவலைப்படுவது எதிர்த்திசைப் பிழையைப் பற்றித்தான்: விலங்கு இருந்தும் நமக்குக் கேட்காமல் போவது. அதைத் தவறவிடுதல் என்று சொல்லலாம். இல்லாததைக் கேட்டதாக எழுதுவது பொய்ப் பதிவு. தவறவிடுதலுக்கு எல்லோரும் சொல்லும் மருந்து கூடுதல் பதிவு. ஆனால் பதிவு கூடக்கூடப் பொய்ப் பதிவும் கூடும். ஒரு நோய்க்குக் கொடுக்கும் மருந்து இன்னொரு நோயை வளர்க்கிறது. இதை மனதில் வைக்காமல் போடும் எந்தத் திட்டமும் முடிவில் தடுமாறும். மேலே சொன்ன கணக்கில், காலியான இடம் ஒன்று தவறாக நிரம்பும் வாய்ப்பை நூற்றுக்கு ஐந்துக்குள் வைக்க வேண்டுமானால், 17 லட்சம் துண்டுக்கு ஒன்று என்ற அளவுக்குப் பிழை குறைய வேண்டும். அந்தத் துல்லியத்தை எந்த மென்பொருளிடமும் எதிர்பார்க்க முடியாது. மனிதக் காது நடுவில் வந்தே ஆக வேண்டும்.

ஒரு குரல் அட்டவணைக்குள் வரும் வழி

விலங்கு அங்கே இருக்க வேண்டும். நாம் பதிவு செய்யும் நேரத்தில் அது குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் மைக் வரை, இரைச்சலுக்கு மேலாக, வந்து சேர வேண்டும். மென்பொருள் அதை அடையாளம் காண வேண்டும். கடைசியில் நாம் வைத்த வாசலை, அதாவது ஏற்பதற்கான குறைந்தபட்ச மதிப்பெண்ணை, அது தாண்ட வேண்டும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் உதிரும். இருக்கும் பறவை அன்றைக்குப் பதிவு நேரத்தில் பாட 0.6 வாய்ப்பு, பாடியது கேட்கும் தூரத்தில் இருக்க 0.5, கேட்டதை மென்பொருள் பிடிக்க 0.7 என்றால், மூன்றும் பெருக்கி 0.21. ஐந்து நாளில் ஒரு நாள்தான் அகப்படும்.

நாளுக்கு 0.2 என்று எடுத்துக்கொண்டால், 5 நாளில் ஒருமுறையாவது அகப்படும் வாய்ப்பு 67 சதவீதம், 10 நாளில் 89, 14 நாளில் 96. இந்த வகையில் கூடுதல் நாட்கள் உண்மையிலேயே உதவும். ஆனால் இந்தக் கணக்கு, ஒவ்வொரு நாளும் புதிதாகச் சீட்டுக் குலுக்குவதுபோல் நடந்தால்தான் செல்லும். மென்பொருளுக்குப் பழக்கப்படாத வட்டாரப் பாடலைப் பாடும் பறவையை முதல் நாள் விட்டால் முப்பதாம் நாளும் விடும். குரல் கொடுக்காத பெட்டை, கூடு கட்டி முடித்து அமைதியாகிவிட்ட ஜோடி, தவளை கத்தாத வறண்ட மாதம் எல்லாம் அப்படித்தான். எத்தனை மாதம் பதிவு செய்தாலும் விட்டதையே திரும்பத் திரும்ப விட்டுக்கொண்டிருப்போம்.

இங்கே இன்னொரு கண்ணியும் உண்டு. பல பறவை இனங்களில் துணை கிடைக்காத ஆண்தான் அதிகம் பாடும். ஜோடி சேர்ந்ததும் பாட்டு குறைந்துவிடும். பெட்டைகள் குறைந்துபோன இடத்தில் பாட்டு கூடும். அதைப் பறவை பெருகிவிட்டதாக வாசித்தால் உண்மைக்கு நேர் எதிரான முடிவுக்கு வருவோம். பாட்டின் எண்ணிக்கை வேறு, பறவையின் எண்ணிக்கை வேறு என்பதை அட்டவணையின் தலைப்பிலேயே எழுதி வைத்துவிடுவது நல்லது.

தூரமும் இரைச்சலும்

என் பார்வையில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படும் பிழை இங்கேதான் இருக்கிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஒரு புள்ளியிலிருந்து நாலாபுறமும் பரவும் ஒலி, தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 90 டெசிபல் இருக்கும் பாட்டு 2 மீட்டரில் 84, 4 மீட்டரில் 78 என இறங்கி, 64 மீட்டரில் 54, 128 மீட்டரில் 48 டெசிபல் ஆகிவிடும். அந்த அலைவரிசையில் பின்னணி இரைச்சல் 42 டெசிபல் இருக்கிறது, மென்பொருளுக்கு இரைச்சலைவிட 6 டெசிபல் தூக்கலாக இருந்தால்தான் பிடிபடும் என்றால், கேட்கும் எல்லை 128 மீட்டர். பரப்பு சுமார் 5.1 ஹெக்டேர்.

அடுத்த வாரம் சில்வண்டுகள் தொடங்கிவிட்டன, அல்லது ஓடையில் தண்ணீர் ஏறிவிட்டது. இரைச்சல் 6 டெசிபல் கூடி 48 ஆகிறது. எல்லை இப்போது 64 மீட்டர். பரப்பு 1.3 ஹெக்டேர். பறவை ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் நாம் கேட்கும் நிலம் நாலில் ஒரு பங்காகிவிட்டது. பதிவுகளும் ஏறத்தாழ அதே விகிதத்தில் சரியும். இதைப் பருவ மாற்றத்தால் வந்த சரிவு என்று யாராவது வரைபடம் போட்டால் அது இரைச்சலின் வரைபடம்தான். சாலைக்கு அருகே பறவை குறைவு, அருவிக்கு அருகே தவளை குறைவு என்று வரும் முடிவுகளை இந்தக் கண்ணோடு ஒருமுறை பார்க்க வேண்டும்.

காற்றே ஒலியை விழுங்குவது இதற்கு மேல். 20 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில், 100 மீட்டருக்கு 1 கிலோஹெர்ட்ஸ் ஒலி அரை டெசிபல்தான் இழக்கும். 4 கிலோஹெர்ட்ஸ் சுமார் 3 டெசிபல், 8 கிலோஹெர்ட்ஸ் சுமார் 10 டெசிபல். வௌவால்களின் 40 கிலோஹெர்ட்ஸுக்கு வந்தால் ஒவ்வொரு மீட்டருக்கும் 1.3 டெசிபல் போய்விடும். 20 மீட்டரில் பரவலால் 26 டெசிபல், விழுங்கலால் இன்னொரு 25. அதனால்தான் 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் உரக்கக் கத்திக்கொண்டு திறந்த வெளியில் பறக்கும் நாக்டியூல் வௌவால் வெகு தொலைவிலிருந்தே பதிவாகிறது; 110 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்கும் சிறிய லாட வௌவால் சில மீட்டருக்குள் வந்தால்தான் பதிவாகும்; சன்னமாக ஒலியெழுப்பும் நீள்காது வௌவாலும் அப்படியே. ஒரே இரவில் முதலாவது 200 முறை, கடைசியானது 2 முறை என்று வந்தால், முதலாவது நூறு மடங்கு அதிகம் என்று பொருளல்ல. இனத்துக்கு இனம் எண்ணிக்கையை நேராக ஒப்பிடவே கூடாது. ஒரே இனத்தை இடத்துக்கு இடம் ஒப்பிடுவதற்கும் கேட்கும் தூரம் தெரிந்திருக்க வேண்டும்.

அதை அளப்பது அப்படியொன்றும் கடினமில்லை. இலக்கு இனத்தின் தெளிவான குரல் ஒன்றை ஸ்பீக்கரில் ஏற்றி, ஒரு மீட்டரில் அந்த விலங்கின் இயல்பான ஒலி அளவு வருமாறு ஒலிமானியால் சரிசெய்துகொள்ளுங்கள். ரெக்கார்டரிலிருந்து 10, 25, 50, 75, 100, 150 மீட்டர் தூரங்களில், நான்கு திசைகளிலும், தூரத்துக்கு இருபது குரலாவது ஒலிக்க விடுங்கள். ஸ்பீக்கர் விலங்கு இருக்கும் உயரத்தில் இருக்கட்டும். தரையில் வைத்து அளந்தால் விதானத்தில் பாடும் பறவைக்கு அது பொருந்தாது. ஒருமுறை ரெக்கார்டரைப் பார்த்தும், ஒருமுறை முதுகைக் காட்டியும் வையுங்கள். காற்றில்லாத காலையிலும், காற்றடிக்கும் நேரத்திலும் செய்யுங்கள். பிறகு அந்தப் பதிவை உங்கள் வழக்கமான மென்பொருளில், வழக்கமான அமைப்பிலேயே ஓட்டி, எந்தத் தூரத்தில் இருபதில் எத்தனை பிடிபட்டது என்று கோடு வரையுங்கள். மனிதர் கேட்டு எண்ணியதை இங்கே பயன்படுத்தக் கூடாது. அளக்க வேண்டியது உங்கள் முழு வழிமுறையை. இனப்பெருக்கக் காலத்தில் அதே இனத்தின் எல்லைக்குள் போய்க் குரலை ஒலிக்கவிட்டால் அந்த விலங்குகள் அலைக்கழியும். அதனால் பருவம் தவிர்த்தோ, அவை இல்லாத ஆனால் அதே வகைக் காட்டிலோ செய்வதே முறை.

காடு, புல்வெளி, வயல் என்று நிலவகைக்கு ஒருமுறையாவது இதைச் செய்ய வேண்டும். திறந்த வெளியில் கிடைத்த கோட்டை அடர்ந்த காட்டுக்குப் போட்டால் காட்டில் விலங்கு குறைவாகத் தோன்றும். அது மரங்களின் குற்றம்.

கருவி செய்யும் குழப்பங்கள்

முதலில் பதிவு வேகம். விநாடிக்கு 48,000 மாதிரி எடுத்தால் 24 கிலோஹெர்ட்ஸ் வரைதான் பதிவாகும். அதற்கு மேலுள்ளதைக் கருவி சரியாக வடிகட்டவில்லை என்றால் அது மடிந்து கீழே வந்து விழும்: 30 கிலோஹெர்ட்ஸ் வெட்டுக்கிளி 18 கிலோஹெர்ட்ஸில் ஒரு மர்ம விலங்காகத் தோன்றும். 110 கிலோஹெர்ட்ஸ் வௌவாலுக்கு 256 அல்லது 384 கிலோஹெர்ட்ஸ் வேகம் வேண்டும். ஆடியோமாத் என்ற ரெக்கார்டர் 384 வரை போகும்.

கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, கூட்டி வைத்தால் தூரத்துக் குரல் நன்றாகக் கிடைக்கும் என்று நினைப்பது பாதி உண்மை. கெயின் இரைச்சலையும் சேர்த்தே தூக்கும். அருகே வந்த குரலின் தலை வெட்டுப்பட்டு, ஒலியைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் மேலே மேலே பொய்யான கோடுகள் அடுக்கடுக்காக விழும். வௌவால் அடையாளத்தில் இந்தப் பொய்க் கோடுகள் இனத்தையே மாற்றிக் காட்டும். எல்லா இடத்திலும் ஒரே கெயின் வைப்பது, அதைக் குறித்து வைப்பது, இரண்டும் கட்டாயம். தானாக ஒலியை ஏற்றி இறக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள்.

மைக் வயதாகும். மழையும் வெயிலும் பட்டு மெல்ல மெல்லக் காது மந்தமாகும். நின்றுபோகாது என்பதால் யாரும் கவனிக்கமாட்டார்கள். மூன்றாம் ஆண்டில் பதிவு குறைந்தால் விலங்கு குறைந்ததா, மைக் தளர்ந்ததா? பருவம் தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் 1 கிலோஹெர்ட்ஸில் 94 டெசிபல் தரும் காலிபரேட்டரை வைத்துப் பதிவு செய்து ஒப்பிடுங்கள். காலிபரேட்டர் பொருந்தாத மைக் என்றால், ஒரே அறையில், ஒரே ஸ்பீக்கர் முன், ஒரே தூரத்தில் எல்லாக் கருவிகளையும் வரிசையாக வைத்துப் பதிவு செய்தாலே போதும். எது 3 டெசிபல் தாழ்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். கருவிகளை ஆண்டுதோறும் இடம் மாற்றிச் சுழற்றுங்கள். ஒரே கருவி ஒரே இடத்தில் நின்றால் அதன் குறை அந்த இடத்தின் குணமாக மாறிவிடும்.

தடித்த மரத்தில் கட்டினால் மரத்துக்குப் பின்னாலிருந்து வரும் குரல் மங்கும். மெலிந்த மரமோ கம்போ நல்லது. நனைந்த பஞ்சு உறை, மைக் துளையில் கூடு கட்டிய குளவி, பெட்டிக்குள் வேர்த்த ஈரம் ஆகியவற்றைப் பார்க்காமல் கருவியைக் கழற்றக் கூடாது.

கடிகாரம்: பல கருவிகள் உலகப் பொது நேரமான யுடிசியில் ஓடும். உள்ளூர் நேரம் என்று நினைத்து விடியலுக்கு அமைத்தால் அது வேறு நேரத்தில் பதிவு செய்துவிட்டு வரும். விடியலில் பாடும் பறவை அங்கே இல்லை என்று அட்டவணை சொல்லும்.

உழைப்புக் கணக்கு, அதாவது உண்மையில் எவ்வளவு நேரம் பதிவு செய்தோம் என்ற கணக்கு, ஒன்று உண்டு. 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம் என்றால் நிமிடத்துக்கு 5.76 எம்பி. நாளுக்கு 144 நிமிடத்துக்கு சுமார் 830 எம்பி, 30 நாளுக்கு 25 ஜிபி. 32 ஜிபி கார்டு தாங்கும், 16 ஜிபி சுமார் 19 நாளில் நிரம்பிவிடும். கார்டு நிரம்பியது, பேட்டரி இறங்கியது, மழை இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை என்ற நாட்களெல்லாம் "கேட்கவில்லை" என்ற பூஜ்யமாக அட்டவணையில் ஏறக் கூடாது. அவை வெற்றுக் கட்டங்கள். பூஜ்யத்துக்கும் வெற்றுக்கும் உள்ள வேறுபாட்டைக் கெடுப்பதுபோல் கணக்கைக் கெடுப்பது வேறொன்றுமில்லை. சேமிப்பைக் குறைக்க எம்பி3 ஆக்காதீர்கள், மேல் அலைவரிசை போய்விடும். இடம் போதவில்லை என்றால் ஒலி இழப்பில்லாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பு வடிவம் போதும்.

மென்பொருள் தரும் மதிப்பெண்

0.8 என்று மென்பொருள் ஒரு துண்டுக்கு மதிப்பெண் கொடுத்தால், அது சரியாக இருக்க 80 சதவீத வாய்ப்பு என்று பொருளல்ல. அது அந்த மென்பொருளின் உள்கணக்கு, அவ்வளவுதான். ஓர் இனத்துக்கு 0.3 போதும், இன்னோர் இனத்துக்கு 0.95-ம் போதாது. எல்லா இனத்துக்கும் 0.7 என்று ஒரே வாசல் வைப்பது வசதிக்காகச் செய்வது, அதற்கு அடிப்படை எதுவும் இல்லை.

வாசலை இனத்துக்கு இனம் நாமேதான் கட்ட வேண்டும். மதிப்பெண்ணை 0.1 முதல் 1 வரை பத்துக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் இருபது துண்டுகளைக் குலுக்கி எடுங்கள், 200 துண்டு. ஒரே இடத்தின் துண்டுகளே குவியாமல் பல இடங்களிலிருந்தும் வருமாறு பாருங்கள். கேட்டு, சரி தவறு குறியுங்கள். மதிப்பெண்ணை லாஜிட் அளவுக்கு மாற்றுங்கள்: மதிப்பெண்ணை ஒன்றிலிருந்து அதைக் கழித்த மீதியால் வகுத்து இயல் மடக்கை எடுப்பது. 0.5 என்பது 0 ஆகும், 0.9 என்பது 2.2, 0.99 என்பது 4.6. அந்த அளவின் மேல், சரி தவறு விடைகளுக்கு வாய்ப்புக் கோடு பொருத்தும் லாஜிஸ்டிக் ரிக்ரஷன் ஓட்டினால் எந்த மதிப்பெண்ணில் சரியாக இருக்கும் வாய்ப்பு 95 சதவீதம் என்று கிடைக்கும். அந்தக் கோட்டின் வெட்டு (லாஜிட் 0-இல் அதன் உயரம்) -1.0, சாய்வு 1.1 என்று ஓர் இனத்துக்கு வந்தால் வாசல் 0.97. இன்னோர் இனத்துக்கு வெட்டு 1.5, சாய்வு 0.9 என்று வந்தால் 0.83 போதும். இரண்டுக்கும் 0.7 வைத்திருந்தால் முதலாவதில் எவ்வளவு குப்பை சேர்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த வாசல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அப்படியே போகாது. காரணம் எளிய கணக்கு. மென்பொருள் உண்மைக் குரலில் 60 சதவீதத்தைப் பிடிக்கிறது, வேறு ஒலிகளில் ஆயிரத்துக்கு ஒன்றைத் தவறாகப் பிடிக்கிறது. இருபது துண்டுக்கு ஒன்றில் அந்தப் பறவை பாடும் இடத்தில், பத்தாயிரம் துண்டுக்கு 500 உண்மைக் குரல், 300 பிடிபடும். பொய் பத்துக்குக் கொஞ்சம் குறைவு. நூற்றுக்கு 97 சரி. இரண்டாயிரம் துண்டுக்கு ஒன்றில் மட்டும் பாடும் இடத்தில் உண்மைக் குரல் 5, பிடிபடுவது 3, பொய் 10. நூற்றுக்கு 23தான் சரி. மென்பொருள் மாறவில்லை, பறவைதான் அரிதாகிவிட்டது. நாம் மிகவும் தேடும் அரிய இனத்தில்தான் இந்த முறை மிகவும் பொய் சொல்லும். இது கசப்பான செய்தி, ஆனால் தப்பிக்க வழியில்லை.

ஆகவே அரிய இனத்துக்கு வாசலை நம்பாமல் இப்படிச் செய்யலாம்: ஒவ்வோர் இடத்திலும் அந்த இனத்துக்கு மிக அதிக மதிப்பெண் பெற்ற பத்துத் துண்டுகளை மட்டும் எடுத்துக் கேளுங்கள். பத்தில் ஒன்றாவது உறுதியானால் இடம் உறுதி. ஒன்றும் இல்லையென்றால் கண்டறியப்படவில்லை என்று எழுதுங்கள். நூறு இடத்துக்கு ஆயிரம் துண்டு. துண்டுக்கு பதினைந்து விநாடி வைத்தால் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேலே முடியும் வேலை.

இன்னொன்று: பொய்ப் பதிவுகள் சமமாகப் பரவி வராது, கூட்டமாக வரும். ரெக்கார்டரைக் கட்டிய பட்டை மரத்தில் உராய்ந்து "கீச்" என்கிறது என்றால், காற்றடிக்கும் ஒவ்வொரு நாளும், அந்த ஒரே இடத்தில் முந்நூறு பதிவு விழும். அடுத்த இடத்தில் ஒன்றும் இருக்காது. சராசரி எட்டு என்று பார்த்தால் இது தெரியாது. ஒவ்வோர் இடத்துக்கும் மணிவாரியாகப் பதிவுகளை வரைந்து பாருங்கள். அந்தப் பறவை விடியலில் பாடும், ஆனால் பதிவுகள் மதியக் காற்றோடு ஏறுகின்றன என்றால் பாடுவது பட்டைதான். ஐரோப்பாவில் ஸ்காப்ஸ் ஆந்தையின் ஒற்றை விசிலும் அலைட்ஸ் தேரையின் ஒற்றை விசிலும் இரவில் ஒன்றையொன்று குழப்புவது நீண்ட நாள் அறிந்த விஷயம். துடுப்புவால் கரிச்சானும் லயர்பேர்டும் பிற பறவைகளின் குரலை அப்படியே எடுத்துப் பாடும். அங்கே துண்டு சரியாகவே ஒலிக்கும். முன்னும் பின்னும் கேட்டால்தான் ஒரே தொண்டையிலிருந்து ஐந்து இனம் வரிசையாக வருவது புரியும். 3 விநாடியை மட்டும் கேட்டு முடிவு செய்யாமல் பதினைந்து விநாடி கேளுங்கள் என்பது இதற்காகத்தான்.

பொய்ப் பதிவை இப்படி அளந்துவிடலாம். தவறவிட்டதை அளப்பது கடினம், ஏனென்றால் மென்பொருள் கொடுத்த பட்டியலில் அது இருக்காது. மென்பொருளின் பட்டியலைப் பார்க்காமல், குலுக்கி எடுத்த பதிவுகளை முழுதாகக் கேட்டு, எல்லாக் குரலையும் குறித்து, பிறகு பட்டியலோடு ஒப்பிட வேண்டும். சோம்பல் இங்கேதான் வரும். ஆனால் இதைச் செய்யாமல் "மென்பொருள் 95 சதவீதம் சரி" என்று எழுதுவது பாதி உண்மையை முழு உண்மையாக விற்பது.

கேட்பவரின் காது

மனிதக் காதும் பிழை செய்யும். பெரும்பாலும் எதிர்பார்ப்பால் செய்யும். இந்தக் காட்டில் இந்தப் பறவை உண்டு என்று தெரிந்தால் மங்கலான கீறலும் அந்தப் பறவையாகவே கேட்கும். துண்டுகளைச் சரிபார்க்கும்போது இடத்தின் பெயரையும் மதிப்பெண்ணையும் மறைத்துவிடுங்கள். உண்டு, இல்லை, சொல்ல முடியவில்லை என மூன்று கட்டம் வையுங்கள். மூன்றாவதை வெட்கமில்லாமல் பயன்படுத்துங்கள். பத்து சதவீதத் துண்டுகளைத் தெரியாமல் இருமுறை கலந்து விடுங்கள். தன்னோடு தானே ஒத்துப்போகாதவர் மற்றவரோடும் ஒத்துப்போகமாட்டார்.

இருவர் கேட்டு 200-ல் 190 ஒத்துப்போனால் 95 சதவீதம் என்று மகிழ வேண்டாம். அதில் 185 இருவரும் "இல்லை" என்றது, 5 இருவரும் "உண்டு" என்றது, 10 முரண்பட்டது என்றால், யாராவது ஒருவர் "உண்டு" என்று சொன்ன 15-ல் 5-ல்தான் இருவரும் ஒத்துப்போயிருக்கிறார்கள். மூன்றில் ஒன்று. உண்மையான ஒற்றுமை அதுதான்.

ஸ்பெக்ட்ரோகிராமின் அமைப்பு எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். 48 கிலோஹெர்ட்ஸில் 512 புள்ளி ஜன்னல் (ஒரே தடவையில் எடுத்து ஆராயும் துண்டின் நீளம்) வைத்தால் அலைவரிசை 94 ஹெர்ட்ஸ் வரையும், நேரம் சுமார் 11 மில்லிவிநாடி வரையும் பிரியும். வேகமாக அதிரும் குரலுக்கு ஜன்னலைச் சிறிதாக்குங்கள். மெல்லிய விசிலுக்குப் பெரிதாக்குங்கள். ஒருவர் 256-லும் மற்றவர் 2048-லும் பார்த்தால் இருவரும் இரண்டு வேறு படங்களைப் பார்க்கிறார்கள்.

மாதிரியில் போட்டால் சரியாகிவிடுமா

2002-ல் மெக்கென்சியும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆக்கிரமிப்பு மாதிரி (எத்தனை இடங்களில் விலங்கு இருக்கிறது என்று மதிப்பிடும் புள்ளியியல் முறை), தவறவிடுதலைக் கணக்கில் எடுத்துத் திருத்துகிறது. ஒரே இடத்தைப் பலமுறை பார்த்து, கண்டது காணாதது வரிசையிலிருந்து கண்டறியும் வாய்ப்பைத் தனியாகப் பிரிக்கிறது. ஆனால் அதன் அடித்தளம் ஒன்று: பொய்ப் பதிவே இல்லை. நூறு இடம், முப்பதில் விலங்கு உண்டு, பத்து வருகை, வருகைக்கு 0.3 கண்டறியும் வாய்ப்பு என்று எடுங்கள். முப்பதில் 29 இடம் அகப்படும். வருகைக்கு வெறும் 0.03 பொய்ப் பதிவு இருந்தால், காலியான 70 இடத்தில் 18 இடம் ஒருமுறையாவது பொய்யாக நிரம்பும். மொத்தம் 47. முப்பது நாற்பத்தேழாகிவிட்டது. மாதிரி இதைத் திருத்தாது, மேலும் கெடுக்கும்: பத்தில் ஒருமுறை மட்டும் தெரிந்த இடங்கள் நிறைய இருப்பதைப் பார்த்து, "கண்டறியும் வாய்ப்பு குறைவு போல, தவறவிட்ட இடங்கள் இன்னும் இருக்கும்" என்று கணக்கை மேலே தள்ளும்.

பொய்ப் பதிவுக்கும் இடம் தரும் மாதிரிகள் 2006-ல் ராய்ல், லிங்க் இருவரிடமிருந்தும், 2011-ல் மில்லர் குழுவிடமிருந்தும் வந்தன. இரண்டாவது வகையில் காதால் உறுதிசெய்த பதிவையும் உறுதிசெய்யாத மென்பொருள் பதிவையும் தனித்தனியாகக் கொடுக்கலாம். ஒலிக் கணக்கெடுப்புக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். மேலே சொன்ன பத்துத் துண்டுச் சரிபார்ப்பு வீண்போகாமல் நேராக உள்ளே போகும். ஆனால் உறுதிசெய்த பதிவு ஒன்றுகூட இல்லாமல் மாதிரியிடம் மட்டும் உண்மையைக் கேட்டால், விலங்கு உள்ள இடம் எது, பொய் விழுந்த இடம் எது என்று அதனால் பிரிக்க முடியாமல் போகும்.

எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. நூறு குரல் என்பது நூறு விலங்கல்ல. ஒரே ஆண் காலை முழுக்கப் பாடியதாக இருக்கலாம். அடுத்தடுத்த இரண்டு ரெக்கார்டர்கள் ஒரே விலங்கைக் கேட்டால் ஒன்று இரண்டாகும். கேட்கும் எல்லை 150 மீட்டர் என்றால் இடைவெளி 300 மீட்டருக்குக் குறையக் கூடாது. கிப்பன் போல ஒரு கிலோமீட்டர் தாண்டியும் கேட்கும் விலங்குக்கு அதற்கேற்ப விலக்கி வைக்க வேண்டும். தவளைக் கூட்டக் கச்சேரியில் தனித்தனிக் குரல் பிரியாது. அங்கே எண்ணுவதை விட்டு, குரல்கள் தனித்தனியாகக் கேட்டதா, ஒன்றன்மேல் ஒன்று ஏறியதா, முழுக் கச்சேரியா என்று மூன்று நிலையாகக் குறிப்பதுதான் நேர்மை.

பல ஆண்டுப் பணியில் கடைசியாக ஒரு பிழை காத்திருக்கும். மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வரும். புதியது நன்றாகப் பிடிக்கும் என்று இந்த ஆண்டுப் பதிவை அதில் ஓட்டி, சென்ற ஆண்டுகளின் பழைய பட்டியலோடு ஒட்டினால், விலங்கு திடீரென்று பெருகியதாகவோ சுருங்கியதாகவோ தெரியும். பதிப்பு எண், அமைப்புகள், வாசல் எல்லாவற்றையும் ஒவ்வோர் அட்டவணையிலும் எழுதி வையுங்கள். மூலப் பதிவுகளை அழிக்காதீர்கள். பதிப்பு மாறும் நாளில் முதல் ஆண்டிலிருந்து எல்லாவற்றையும் புதிய பதிப்பில் மறுபடி ஓட்டி, 200 துண்டுச் சரிபார்ப்பையும் புதிதாகச் செய்து, அதன் பிறகே கோட்டை நீட்டுங்கள்.